கூரையின் கயிறு யார் கையில்

1989 யூன் 3ஆம் திகதி இரவு ரொறன்ரோவில் மழை. சீஎன் கோபுரத்தின் அடியில் புதிதாகக் கட்டி முடித்த அரங்குக்கு அன்றைக்குத் திறப்பு விழா. ஸ்கைடோம் என்று பெயர். மோட்டர் பூட்டி முழுதாகத் திறந்து மூடக்கூடிய கூரை உள்ள முதல் விளையாட்டரங்கு என்று சொல்லித்தான் அதற்கு விளம்பரம் செய்திருந்தார்கள். ஐம்பதினாயிரம் பேரளவில் உள்ளே இருந்தார்கள். ஒன்ராறியோ முதல்வர் டேவிட் பீற்றர்சன் ஒரு லேசர் பேனையை எடுத்துக் கூரைப் பக்கம் காட்டினார். கூரை திறந்தது. மழை நேரே சனத்தின் தலையில் விழுந்தது. மூடு, மூடு என்று சனம் கத்தியது. அவ்வளவு கெதியாக மூட அந்தக் கூரையால் முடியாது. ஒருமுறை ஓடி முடிக்க அதற்கு 20 நிமிடம் வேண்டும்.

இதில் பகிடி என்னவென்றால், அந்தக் கட்டடம் பிறந்ததே மழையால்தான். 1982 நவம்பர் 28ஆம் திகதி ஏரிக்கரையில் இருந்த பழைய எக்சிபிஷன் அரங்கில் கிரே கப் இறுதி ஆட்டம். கனடியக் காற்பந்துக்கு ஆண்டின் பெரிய நாள். கொட்டும் மழை, அதோடு நவம்பர்க் குளிர். ஒதுங்க இடமில்லாத சனம் உள்ளுக்குள் நெருக்கியடித்தது. கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. அன்று ஆட்டம் பார்க்க வந்தவர்களில் அப்போதைய முதல்வர் பில் டேவிசும் ஒருவர். மறுநாள் நகரசபை முன்றலில் கூடிய கூட்டம் எங்களுக்குக் கூரை வேண்டும் என்று கோஷம் போட்டது. ஏழு வருடத்துக்குள் கூரை வந்தது. வந்த அன்றே, மழைக்குள், திறந்து காட்டினார்கள்.

ஏன் திறந்தார்கள் என்று கேட்டால், காட்டாமல் எப்படி இருப்பது? மூடியே இருந்தால் அதுவும் மற்றக் கூரைகளைப் போல ஒரு கூரை. இத்தனை காசு கொட்டியது அது அசைவதைப் பார்க்கத்தான். உருவம் மாறும் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வரைபடத்தையும் மோட்டரையும் பற்றி நிறைய எழுதுகிறார்கள். பொத்தானில் யாருடைய விரல் இருந்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு. நான் கிரேன் மெக்கானிக்காக வேலை செய்து ஓய்வுபெற்றவன். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் தொழில் பழகி, பிறகு இங்கே உருக்குப் பட்டறைகளில் வயிறு வளர்த்தவன். எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த விரல்தான்.

கூரையைக் காட்டிச் சனத்தை ஆட்டிவைக்கிற பழக்கம் புதிதில்லை. ரோமில் கொலிசியத்தின் உச்சியில் சுற்றிவரத் தாங்கு கற்களும் துளைகளும் இன்றைக்கும் தெரியும். அங்கே 240 மரக்கம்பங்களை நட்டு, கயிறு இழுத்து, பார்வையாளர் தலைக்கு மேல் துணிப்பந்தல் விரிப்பார்கள். விரிக்கவும் சுருட்டவும் மிசேனம் கடற்படைத் தளத்து மாலுமிகளை வைத்திருந்தார்கள். பாய் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் காற்றின் குணம் தெரியும். அதை ரோமர் விளங்கி வைத்திருந்தார்கள். பொம்பேய் நகரைத் தோண்டியபோது கிடைத்த சுவர் விளம்பரங்களில், இன்ன நாள் இன்னாருடைய வாள்வீரர்கள் மோதுவார்கள் என்று எழுதி, பந்தலும் உண்டு என்று சேர்த்து எழுதியிருக்கிறது. நிழல் அப்போதே வியாபாரம். கொலிசியத்துக்கு ஒரு தலைமுறை முந்திய பேரரசன் கலிகுலாவைப் பற்றி சுவெத்தோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். வெயில் உச்சத்தில் நிற்கும் நேரம் பார்த்துப் பந்தலைச் சுருட்டச் சொல்வானாம். பிறகு ஒருவரும் வெளியேறக்கூடாது என்று கட்டளை போடுவானாம். பீற்றர்சன் பாவம், அப்படிப்பட்டவர் இல்லை. வாசல்கள் திறந்துதான் இருந்தன.

கட்டடத்தை அசைப்பது எங்கள் தொழிலுக்குப் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. பட்டறைக் கூரைக்குக் கீழே ஓடும் பாலக் கிரேனும் ஒரு பெரிய உத்திரம்தான். இரண்டு பக்கச் சுவரிலும் தண்டவாளம், நடுவில் பாலம், இரு முனையிலும் சில்லும் மோட்டரும். சிக்கல் ஒன்றே ஒன்று: இரு முனையும் ஒரே வேகத்தில் ஓடவேண்டும். ஒரு முனை முந்தினால் பாலம் கோணும். கோணினால் சில்லின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கவாட்டில் உரசும். முதலில் கிறீச்சென்று ஒரு சத்தம். கொஞ்ச நாளில் தண்டவாளத்தின் அடியில் மினுங்கும் இரும்புத் துகள் படிந்திருக்கும். விரலால் தொட்டு எடுத்து எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தால், எந்த முனை முந்துகிறது என்று சொல்லிவிடலாம். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் பாலம் நடுவழியில் இறுகி நிற்கும், முன்னும் போகாது, பின்னும் வராது. வெட்டவெளியில் நிற்கும் கிரேன் என்றால் இன்னொரு பயம், காற்று. அதன் தலையில் காற்றுமானி இருக்கும். குறித்த வேகம் தாண்டினால் மணி அடிக்கும். ஓட்டுநர் வேலையை நிறுத்தி, கிரேனைத் தண்டவாளத்தோடு கவ்விப் பூட்டவேண்டும். முதலாளி நின்று கத்தினாலும் பூட்டத்தான் வேண்டும்.

இந்தக் கண்ணோடுதான் மூன்று கூரைகளின் கதையைப் பார்க்கிறேன்.

முதலாவது அமெரிக்காவில், பிற்ஸ்பேர்க்கில். அந்த ஊரின் கடை முதலாளி எட்கர் கவுஃப்மன், ஃபிராங்க் லொயிட் ரைற்றைக் கொண்டு அருவிக்கு மேல் வீடு கட்டுவித்த அதே மனிதர், கோடையில் நடக்கும் இசை நாடகங்களுக்கு ஒரு அரங்கு வேண்டும் என்று பணம் கொடுத்தார். நட்சத்திரத்துக்குக் கீழே பாட்டுக் கேட்கவேண்டும், மழை வந்தால் நனையவும் கூடாது. 1961இல் சிவிக் அரீனா திறந்தது. 415 அடி விட்டமுள்ள துருப்பிடிக்காத உருக்குக் கும்மட்டம். அதை எட்டு இதழாகப் பிரித்திருந்தார்கள். இரண்டு அசையாது, ஆறு அசையும், இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. இதழ்களின் அடி தண்டவாளத்தில் ஓடும். நுனியோ, கட்டடத்துக்கு வெளியிலிருந்து வளைந்து வரும் 260 அடி நீளத் தாங்கியின் முனையில் தொங்கும். உள்ளே ஒரு தூண்கூட இல்லை. ஊரில் உருக்கிய உருக்கு 3,000 தொன் அளவில் செலவானது. இரண்டரை நிமிடத்தில் திறந்துவிடும்.

பொறியியலாகப் பார்த்தால் மூன்றிலும் அழகானது இதுதான் என்று சொல்வேன். ஒவ்வொரு இதழும் ஒரு முனையில் மட்டும் சுழல்வதால், இரண்டு முனை ஒன்றையொன்று முந்துகிற வில்லங்கமே அதில் இல்லை. ஆனால் மூடிய உருக்குக் கும்மட்டத்துக்குள் பாட்டு எதிரொலித்தது. யாருக்காகக் கட்டினார்களோ அந்த இசை நாடகக்காரர்கள் 1971இல் ஹைன்ஸ் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஐஸ் ஹொக்கி. பனித்தளம் போட்டு விளையாடும் விளையாட்டுக்குத் திறக்கிற கூரை எதற்கு? 1990களின் நடுவோடு அதைத் திறப்பதே நின்றுபோயிற்று. 2010இல் மூடி, அடுத்த இரண்டு வருடத்தில் இடித்துத் தள்ளினார்கள். அந்த அரங்குக்கும் அதைச் சுற்றிய மறுசீரமைப்புக்கும் இடம் எடுக்க 1950களில் கீழ் ஹில் பகுதியிலிருந்து 8,000 பேரளவில் கிளப்பினார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். இன்னொரு காரியத்துக்கென்று வீட்டைவிட்டு எழுப்பப்படுவது எப்படி இருக்கும் என்று காங்கேசன்துறையாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறகு அந்தக் காரியமும் நடக்காமல் போவது இன்னும் ஒரு படி மேலே.

இரண்டாவது மொன்றியல். இதைத்தான் ஆறுதலாகச் சொல்லவேண்டும்.

1976 ஒலிம்பிக் போட்டிக்காக நகரபிதா ஜான் திரப்போ, பிரான்ஸிலிருந்து ரோஜே தையிபேர் என்ற கட்டடக்கலைஞரைப் பிடித்தார். தையிபேர் 1967இல் பாரிஸில் ஒரு நீச்சல் குளத்துக்குத் திறந்து மூடும் துணிக்கூரை போட்டவர். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் ஃப்ரை ஒட்டோ இந்த வித்தையில் கைதேர்ந்தவராக இருந்தார். பாட் ஹெர்ஸ்ஃபெல்ட் என்ற ஊரில், கூரை இடிந்துபோன பழைய மடாலயத்துக்கு 1968இல் ஒரு துணிக்கூரை செய்தார். ஒரு கம்பத்திலிருந்து கேபிள்கள் விரிய, அவற்றின்மேல் சிறு வண்டிகள் துணியை இழுத்துக்கொண்டு ஓடும். வேண்டாதபோது துணியெல்லாம் கம்பத்தருகே குவிந்துவிடும். கோடை நாடக விழாவுக்கு அது போதும். பனிகாலத்தில் அதை விரிக்கவேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

தையிபேர் அதையே பல மடங்கு பெருக்கினார். அரங்கின் ஒரு பக்கத்தில் 45 பாகையில் சாய்ந்து நிற்கும் கொங்கிரீற் கோபுரம். அதன் உச்சியிலிருந்து 26 கேபிள்கள். கேபிள்களின் நுனியில், அரங்கின் நடு ஓட்டையை மூடும் 5,500 சதுர மீற்றர் கெவ்லார் துணி. கேபிளை இழுத்தால் துணி மடிந்து மேலே போய்க் கோபுரத்தின் தலைக்குள் ஒதுங்கும், குடையை மடக்கி உறையில் போடுவதுபோல. தாளில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆண்பிள்ளை எப்படிப் பிள்ளை பெறமாட்டானோ அப்படி ஒலிம்பிக்கும் நட்டத்தில் போகாது என்று திரப்போ 1973இல் அடித்துச் சொன்னார். பிறகு செலவு ஏறத் தொடங்கியதும், கர்ப்பிணி நகரபிதா கருக்கலைப்பு மருத்துவருக்குத் தொலைபேசி எடுக்கிறமாதிரி ஐஸ்லின் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்தார். கனடாவில் அதைப் பார்க்காதவர் குறைவு.

வேலைநிறுத்தம், பனி, விலையேற்றம் என்று இழுபட்டு, 1975 கடைசியில் மாகாண அரசு வேலையைத் தன் கைக்கு எடுத்தது. 1976 யூலை 17இல் போட்டி தொடங்கியபோது கோபுரம் பாதியில் நின்றது, கூரை இல்லை. கூரைத் துணி பிரான்ஸில் மார்சேய் துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றில் 1982 வரை கிடந்தது. கோபுரத்தைக் கட்டி முடித்துத் துணியைத் தொங்கவிட்டபோது 1987. போட்டி முடிந்து பதினொரு வருடம்.

துணிக்கூரையை நிறுத்தி வைத்திருப்பது இழுவை. முழுதாக இழுத்து இறுக்கினால் காற்றைத் தாங்கும். முழுதாக மடித்து வைத்தாலும் பயமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில்தான் ஆபத்து. தளர்ந்த துணி காற்றில் படபடக்கும். படபடத்தால் தையலும் மடிப்பும் கிழியும். அதனால் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் காற்று அடித்தால் மொன்றியல் கூரையை அசைக்கக்கூடாது. கோடையில் இடிமழை வரும்போது காற்று முன்னால் வரும், மழை பின்னால் வரும். ஆக, மூடவேண்டிய நேரத்தில்தான் மூடமுடியாது! கெவ்லாருக்கு இழுவையில் பலம் அதிகம். ஆனால் திரும்பத் திரும்ப மடித்தால் மடிப்பில் நார் முறியும், வெயில் பட்டால் பலம் இறங்கும். மடித்து மடித்து வெயிலில் வைக்கிற கூரைக்கு அந்தத் துணியைத் தெரிந்தெடுத்தார்கள். பனிகாலத்தில் மேலே பனி படிந்தால் தூக்க நினைக்கவே முடியாது. கீழேயிருந்து சூடாக்கி உருக்கவேண்டும்.

அந்தக் கூரை மொத்தம் 88 முறை திறந்து மூடியது. கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்து, 1992இல் இனித் திறப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். 1998இல் அதைக் கழற்றிவிட்டு, தெஃப்லோன் பூசிய கண்ணாடியிழைத் துணியில் அசையாத கூரை ஒன்றைப் போட்டார்கள். அடுத்த வருடம் சனவரியில், மோட்டார்க் கண்காட்சிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருக்கும்போது, பனிப் பாரத்தில் அதுவும் கிழிந்து ஐஸும் தண்ணீரும் உள்ளே கொட்டின. திறக்காத கூரையும் கிழிந்ததால் குற்றம் முழுவதையும் திறப்பின்மேல் போடுவது நியாயமில்லை. தையிபேரும் சாகும்வரை, தன் வடிவமைப்பைப் பாதியில் பிடுங்கி வேறு ஆட்கள் வேறு மாதிரி முடித்தார்கள் என்று வாதாடிக்கொண்டே இருந்தார். 2019இல் 93 வயதில் காலமானார். அவர் பக்கத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரு பொறியை வரைந்தவன் இல்லாமல் பூட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மடிப்பில் முறியும் நாரை வரைந்தவன் வந்து நின்றும் சமாதானப்படுத்த முடியாது. ஒலிம்பிக் கடனைக் கட்ட 1976இல் சிகரெட்டுக்கு வரி போட்டார்கள். கட்டி முடித்தது 2006 கடைசியில். வட்டியோடு 160 கோடி டொலர் அளவில்.

மூன்றாவது, தொடக்கத்தில் சொன்ன ஸ்கைடோம். மொன்றியல் கூரை தொங்கத் தொடங்கிய அதே காலத்தில் ரொறன்ரோக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணி நேரம் காரில் போனால் வருகிற ஊரின் அவமானத்தை அவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். கட்டடக்கலைஞர் றொட் றொபியும் பொறியியலாளர் மைக்கல் அலனும் துணி பக்கமே போகவில்லை. 11,000 தொன் எடையில் உருக்குக் கூரை, நான்கு துண்டு. ஒன்று அசையாது. இரண்டு துண்டுகள் நேர்த் தண்டவாளத்தில் வழுக்கும். நாலாவது, கால்வட்டக் கும்மட்டம், வளைந்த தண்டவாளத்தில் அரைச்சுற்றுச் சுற்றிப்போய் மற்றவற்றோடு ஒதுங்கும். கீழே 54 போகிகள், அதாவது சில்லுப் பூட்டிய சட்டங்கள், அவற்றை ஓட்ட மின்மோட்டர்கள். சரக்கு வண்டிக்கும் கப்பற்துறைக் கிரேனுக்கும் ஓடுகிற அதே சாமான். புதுமை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது ஓடியது என்பது என் கட்சி. புதுச் சாமான் பழுதானால் வரைந்தவனைத் தேடவேண்டும். போகி பழுதானால் எந்தப் பட்டறை மெக்கானிக்கும் ஏறிப் பார்ப்பான்.

சீஎன் கோபுரத்தின் பார்வைத் தளத்திலிருந்து கீழே பார்த்தால் அந்த வெள்ளைக் கூரை முழுதாகத் தெரியும். திறக்கும்போது மேலிருந்து பார்க்கிறவனுக்கு அசைகிறதா என்றே சந்தேகம் வரும். கண்ணைத் துண்டின் மேல் வைக்காமல், இரண்டு துண்டுக்கும் இடையில் விழும் நிழல்கோட்டில் வைக்கவேண்டும். கோடு அகலும், அகன்ற இடத்தில் புல்லின் பச்சை தெரியும். நான் பார்த்தது அந்தக் கோடு இரண்டு பக்கமும் ஒரே அளவாக அகல்கிறதா என்று. கூட வந்த பேத்திக்கு அலுத்துவிட்டது. “அப்பப்பா, உங்களுக்கு வேற ஒண்டும் பார்க்க இல்லையா?” என்று கேட்டாள். ஒரே அளவாகத்தான் அகன்றது.

பிழை வராமல் இல்லை. 2001 ஏப்ரல் 12ஆம் திகதி கூரையின் இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று இடித்து, துணுக்குகள் கீழே கொட்டி, அன்றைய பேஸ்போல் ஆட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள். 2018இல் பக்கத்துச் சீஎன் கோபுரத்திலிருந்து விழுந்த ஐஸ் கட்டி கூரையைத் துளைத்து இன்னொரு ஆட்டம் நின்றது. எனக்குப் பிடித்தது 1990 ஓகஸ்ட் 27. ஏரிப் பக்கமிருந்து கொசு மாதிரிச் சிறு பூச்சிகள் படையாக வந்து ஆட்டக்காரரின் கண்ணிலும் வாயிலும் மொய்க்க, ஆட்டத்தை அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவிட்டுக் கூரையை மூடினார்கள். மழைக்கென்று கட்டிய கூரை பூச்சிக்கு மூடியது. இதை எந்த வரைபடத்திலும் முன்கூட்டி எழுத முடியாது. ஒரு ஆள் பார்த்து, யோசித்து, மூடு என்று சொல்லவேண்டும். விரல் வேண்டாம், எல்லாவற்றையும் கருவி பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு இந்த இரவை ஞாபகப்படுத்துவேன்.

மறுபக்கமும் இருக்கிறது. 2001இல் சந்தியாகோ கலத்ராவா மில்வாக்கி கலை அருங்காட்சியகத்தின் தலையில் இரண்டு உருக்கு இறக்கைகள் பூட்டினார். 72 விலா எலும்புகள், 90 தொன், விரித்தால் 217 அடி அகலம். மணிக்கு 23 மைலுக்கு மேற்பட்ட காற்று மூன்று விநாடிக்கு மேல் அடித்தால் இறக்கைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். வந்திருப்பவர் யார், விழா என்ன என்று காற்றுமானி கேட்பதில்லை. 1989இல் ரொறன்ரோவில் ஒரு மழைமானியைப் பொத்தானுக்கு மேலதிகாரியாகப் போட்டிருந்தால் ஐம்பதினாயிரம் பேர் நனையாமல் வீடு போயிருப்பார்கள். பூச்சிக்கு மனிதன், காற்றுக்கும் மழைக்கும் மானி. கிரேன் தொழிலில் நாங்கள் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தோம். லேசர் பேனை வைத்திருப்பவருக்கு இரண்டிலும் இடமில்லை.

ஸ்கைடோமுக்கு முதலில் போட்ட கணக்கு 150 மில்லியன் டொலர். முடிந்தது 570 மில்லியன் அளவில். 2004இல் 25 மில்லியனுக்குக் கைமாறியது. காசாகப் பார்த்தால் அதுவும் மொன்றியலின் தம்பிதான். ஆனால் கூரை இன்றைக்கும் ஓடுகிறது. மொன்றியலில் 2024 பெப்ரவரியில் 870 மில்லியன் டொலரில் புதுக் கூரை அறிவித்தார்கள். உருக்கு வளையத்தில் பூட்டிய, அசையாத கூரை. இருந்த கூரையில் அதற்குள் கிழிசல்கள் 20,000ஐத் தாண்டியிருந்தன. 3 சென்ரிமீற்றருக்கு மேல் பனி என்றால் உள்ளே நிகழ்ச்சி வைக்கக்கூடாது என்ற நிலை. துணியைத் தூக்குவதற்கென்று கட்டிய அந்தச் சாய்ந்த கோபுரத்தின் மாடிகளில் 2018 முதல் ஒரு பெரிய கூட்டுறவு வங்கியின் ஊழியர்கள் இருந்து வேலை பார்க்கிறார்கள். வாடகையாவது வருகிறது.